குருசாமி வீட்டில் கை நனைத்தது

கோவில்பட்டி
14-11-1999

அன்பு மகன் செண்பகராஜுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், சிங்கப்பூரில் உன்னையும் அப்படியே வைத்திருக்கக் கழுகுமலை முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். மனசு எப்படி இருக்கிறது என்பதைக் கீழே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் எஸ்.டி.டி. பூத்தில் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நிற்க இதையெல்லாம் கத்திச் சொல்ல முடியாது. மழை பிந்தினாலும் பெய்துவிட்டது, பசுவந்தனைக் காட்டில் உளுந்து நன்றாக முளைத்திருக்கிறது. கடையில் வியாபாரம்தான் படுத்துவிட்டது, வரப்பெல்லாம் பச்சைப் புல் கிடக்கும்போது எவன் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்குவான். அம்மாவுக்கு முழங்கால் வலி, தைலம் தேய்க்கச் சொன்னால் என்னையே முறைக்கிறாள்.

கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக நீ எழுதியதைப் படித்து அம்மா ரொம்ப அழுதாள். நான் உன்னைத் திட்டவில்லை. உனக்கும் தீபலட்சுமிக்கும் என்று பேசி வைத்தது நானும் அவள் அப்பன் குருசாமியும்தான், நம் பக்கத்துக் கடையை அவன் நடத்திய காலத்தில், நீங்கள் இருவரும் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே. உங்களை யார் கேட்டார்கள். ஆனாலும் உனக்கு இது தெரியும் அல்லவா ராஜா, வேண்டாம் என்பதை ஒரு நாலு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் அவர்கள் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணும் உனக்காகத்தான் இருக்கிறோம் என்று இருந்திருக்க மாட்டாள். நீ எழுதியதை அவர்களிடம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று போன வாரம் அவர்கள் இப்போது இருக்கும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

குருசாமி வீட்டில் நான் கேட்டு வாங்கித் தின்கிறவன் என்பது உனக்குத் தெரியும், சட்டியில் மிச்சமிருக்கும் கறியைக்கூட வழித்துப் போடச் சொல்வேன். ஆனால் இந்தத் தடவை அப்படிச் சாப்பிட முடியவில்லை. அவர்கள் சோற்றைத் தின்றுவிட்டு அந்தச் சொல்லைச் சொன்னால் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் ஆவேன், சொல்லி முடிக்கிற வரைக்கும் அங்கே காப்பிகூடக் குடிப்பதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். அதனால் போய் இறங்கியதும், இந்தத் தடவை உங்கள் ஊர் ஹோட்டல்களில்தான் சாப்பிடுவேன், ரொம்ப நாள் ஆசை என்று ஒரு பொய்யை விட்டேன். குருசாமி அவன் மனைவி ராதாமணியைப் பார்த்தான், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். என் நாக்கு நீளத்தைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதன் பிறகு அவன் என்னை விடவில்லை. காலையில் சாம்பார் இட்லிக்கு ஒரு கடை, இட்லி மூழ்கிப்போகும் அளவுக்கு வாளியோடு ஊற்றுகிறான், நம் ஊரில் இரண்டாவது கரண்டி கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பான். மத்தியானம் இலைச் சாப்பாட்டுக்கு வேறொரு இடம், ராத்திரி ரவா தோசைக்கு இன்னொன்று. ஒவ்வொரு மேஜையிலும் உட்கார்ந்தவுடன் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன், அதற்குள் சர்வர் வந்துவிடுவான், அல்லது குருசாமி, மருமகனுக்குச் சிங்கப்பூரில் இந்த மாதிரிச் சாம்பார் கிடைக்குமா என்று கேட்டுவிடுவான். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தீபலட்சுமியும் வந்தாள். நான் இருமுவதைப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் வெந்நீர் கேட்டு வாங்கி ஆற்றிக் கொடுத்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அங்கே வருஷம் முழுக்க மழையாமே மாமா என்று மட்டும் கேட்டாள். நல்ல தோசைதான், பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாளும் இதே கதைதான். சாப்பிட்ட கடைகளுக்குக் குறைவில்லை, சொல்ல வந்தது மட்டும் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது.

அதற்கடுத்த நாள் காலையில் எழுந்து வந்தால் வீடே கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. பெரிய சட்டியில் பாயசம் கொதிக்கிறது, ராதாமணி பட்டுச்சேலை கட்டியிருக்கிறாள், அவள் அண்ணன் தம்பிமார் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள், தாம்பாளத்தில் வெற்றிலையும் பூவும். குருசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு நாளா எங்க வீட்டுல கை நனைக்காம மொறை காத்தீரு மச்சான். இன்னைக்கு நாலு பேரு முன்னால பேசி முடிச்சிருவோம், பொறவு நம்ம வீட்டுச் சோத்த ஒரு கை பாரும்” என்றான்.

எனக்கு அப்போதுதான் புத்தியில் உறைத்தது. பேச்சு முடிகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். உன் கடிதம் வந்த நாளிலேயே நான் மாப்பிள்ளைக்கு அப்பன் என்கிற நினைப்பை விட்டுவிட்டேன், அதனால் அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல் இருக்க இருக்க அவர்கள் சந்தோஷத்தில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இனி எங்கே ஒளிவது. நின்ற இடத்திலேயே, அத்தனை பேர் முன்னாலும், நீ எழுதியதைச் சொன்னேன். குருசாமி என் கையை விடவில்லை, அவன் கை பிடித்தபடியே குளிர்ந்துபோனது எனக்குத் தெரிந்தது. ராதாமணி போய் அடுப்பை அணைத்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நேரத்தில் எனக்குச் சாவு வந்திருந்தால் நல்லது என்றுதான் நினைத்தேன், பெற்ற மகனிடம் இதை எழுதக் கூடாது, ஆனாலும் அதுதான் உண்மை.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது தீபலட்சுமி வந்து நின்றாள். முகத்தைக் கழுவியிருந்தாள். “மாமா, எல போட்டாச்சு. இனிமே நீங்க எங்க வீட்டுல கை நனைக்கலாம்லா” என்றாள். குத்திக் காட்டிச் சொல்லவில்லை ராஜா, பசியோடு அனுப்பக் கூடாதே என்றுதான் சொன்னாள். உட்கார்ந்தேன். அவளே பரிமாறினாள். உனக்கென்று வைத்த பாயசத்தை நான் குடித்தேன்.

நீ கட்டப்போகும் பெண்ணை ஒரு குறையும் சொல்ல மாட்டோம். கூட்டிக்கொண்டு வா, அம்மா விளக்கேற்றித்தான் உள்ளே அழைப்பாள். எனக்கு மட்டும் கொஞ்ச நாள் கொடு. வெளிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள், வேளைக்குத் தூங்கு. இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள், இதை மனசார எழுதுகிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே. பத்திரிகை அடிக்கும் முன்னால் குருசாமிக்கு நீயே உன் கைப்பட ஒரு கடிதம் எழுது. இதுவரை எழுதியது போல மாமா என்றே எழுது, அதை மாற்றிவிடாதே. அன்றைக்கு அவன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பஸ் நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, “மருமகன ஒடம்பப் பாத்துக்கிடச் சொல்லும் மச்சான்” என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஜன்னலை விட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான்.

இப்படிக்கு,
உன் அப்பா
பெருமாள்சாமி