கயிற்றுப் பாலத்தில் ஒரு சிறுமி

நாகபுரி, 1986

அன்புத் தங்கை தேவசுந்தரிக்கு,

டி.வி. பார்ப்பது பாவம் என்று நான் சொன்னதாக அங்கே திருத்தணியில் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு. ஞாயிறு மாலை கடிதம் எழுதும் நேரம் என்றுதான் சொன்னேன். கான்வென்ட்டில் நாம் இருவரும் அப்படித்தான் பழகினோம்.

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

போன கடிதத்தில் நாலே வரி எழுதியிருந்தாய். "நேரமில்லக்கா. பசங்க கயிறு ஏறுற போட்டி டி.வி.ல வருது. வரலட்சுமி வூட்ல முன்னாடியே போயி எடம் புடிக்கணும்." உன் பக்கத்து வீட்டு வரலட்சுமி உனக்குக் காப்பியும் கொடுக்கிறாளாம். அந்தக் காப்பியில் சிக்கரி அதிகம் என்று என்னிடம் சொன்னவள் நீதான்.

அப்படி என்னதான் போட்டி என்று, நான் வார்டனாக இருக்கும் விடுதியின் பிள்ளைகளோடு போன ஞாயிறு மாலை டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். இரட்டைச் சடைக்காரி ஒருத்தி சேற்றுக்கு மேலே கயிற்றுப் பாலத்தில் நடந்தாள். "கயித்தப் புடிடீ!" என்று நான் எழுந்து கத்தியதில் கால் லேசாகச் சுளுக்கியது. கவலைப்படாதே. அவள் பாதி தூரம் வருவதற்குள் இங்கே கரண்ட் போய்விட்டது.

மோர்மிளகாய் கொஞ்சம் அனுப்பு. இங்கே தனியாகச் சாப்பிட்டால் எதுவும் உறைப்பதில்லை. ஜெப மணி அடிக்கிறது, முடிக்கிறேன்.

அந்தப் பெண் அக்கரை சேர்ந்தாளா? ஞாயிறு மாலையே உட்கார்ந்து, உன் கையால் பதில் எழுது.

உன் அக்கா,
மனோன்மணி