ஜெபப் பெட்டியில் போட்ட சீட்டு

அன்புள்ள அம்மா,

இதை ஊரில் மாமாவிடம்கூடக் காட்டாதீர்கள். அப்பா பார்த்தால் கிழித்துவிடுவார். கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீங்கள் சுகமா?

தாராவி சபையின் ஜெபப் பெட்டியில், "அப்பாவும் அம்மாவும் மறுபடி சேரணும்" என்று சீட்டுப் போட்டேன். பழக்கத்தில் என் பெயரையும் எழுதித் தொலைத்தேன். பாஸ்டர் மைக்கில் அப்படியே வாசித்துவிட்டார்!

"மானத்த வாங்கிட்டியே பிள்ள!" என்று அப்பா திட்டித் தீர்த்தார். நேற்றுக் குடும்ப ஜெபத்தில், ஒரு வருஷத்துக்குப் பிறகு உங்கள் பெயரைச் சொன்னார். கர்த்தரிடம் சொல்பவருக்கு உங்களிடம் சொல்ல என்ன கேடு? நீங்களும் அப்படித்தானே அம்மா! கர்த்தர் என்ன, உங்கள் இரண்டு பேருக்கும் தபால்காரரா?

முறுக்கு அச்சை எடுத்துப் போய்விட்டீர்கள். கிறிஸ்துமஸுக்கு அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள்.

ஐயோ, அப்பா கதவைத் தட்டுகிறார். "அம்மைக்கு எழுதுனா, முழங்கால் வலி எப்படின்னு கேளு பிள்ள" என்று வெளியிலிருந்தே சொல்கிறார்!