அப்பாவின் மாத்திரை நிஜமா, வெறும் மாவா?

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? அம்மா உப்பைக் குறைத்துப் போடுகிறாளா?

இங்கே நிலத்தடியில் இருக்கும் எங்கள் கருவியில், நியூட்ரினோ என்ற நுண்துகளைத் தேடும் கருவியில், புது சிக்னல் ஒன்று தெரிந்தது. எல்லாரும் குதித்தோம். குழுத் தலைவர் நிதானமாகச் சொன்னார்: "அது நானே கலந்துவிட்ட போலி. இருக்கிறதைப் பார்க்கிறீங்களா, ஆசைப்பட்டதைப் பார்க்கிறீங்களான்னு சோதிச்சேன்." என் முகத்தில் ஈயாடவில்லை. நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் சேர்ந்திருக்கும் மருந்து ஆய்வும் அப்படித்தான். யாருக்கு நிஜ மாத்திரை, யாருக்கு வெறும் மாவு என்று உங்கள் டாக்டருக்கே தெரியாது. "இவ்வளவு படிச்சவ, யாரையாவது பிடிச்சுக் கேட்டுச் சொல்ல மாட்டியா?" என்று போனில் கேட்டீர்கள். மாட்டேன் அப்பா. தெரிந்துவிட்டால், வீக்கம் மருந்தால் வடிந்ததா, நம்பிக்கையால் வடிந்ததா என்று யாருக்கும் புரியாது.

ஒரே ஒரு உதவி. காலையில் எழுந்ததும் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விழும் குழி சட்டென்று நிரம்புகிறதா என்று அம்மாவை எழுதச் சொல்லுங்கள்; வீக்கம் வடிந்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். இதுவும் மாத்திரை நிஜமா என்று எட்டிப் பார்ப்பதுதான், தெரியும். எனக்கு இங்கே வேலையே ஓடவில்லை.

லிஃப்ட் கீழே கிளம்புகிறது, கூப்பிடுகிறார்கள். இரண்டு கால்களையும் அழுத்திப் பாருங்கள்.

உங்கள் மகள்