ஒரு சொம்புக்கு மேல் ஊற்றாதீர்கள்

ஜூன் 11
காலையில் இரண்டு லோடு வெங்காயம் போயிற்று. மத்தியானம் ராமேஸ்வரம் போயிருந்த என் கேரவன் வண்டி திரும்பியது. உள்ளே விக்கிரமங்கலம் மகளிர் குழுப் பெண்கள் பத்துப் பேர். குழுத் தலைவி வெற்றிச்செல்வி இறங்கியதுமே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கக்கூஸ் இருக்குற வண்டின்னு சொல்லித்தானே ஏத்துனீங்க, முத்தாயிக்கா? போறப்பவே காரைக்குடி தாண்டுனதும் அடைச்சுக்கிச்சு. பத்து பொம்பளைங்களும் கருவேல முள்ளுல போயி உக்காந்தோம். இதுக்கு பஸ்ஸே தேவலாம்."

வண்டிக்குள் ஏறிப் பார்த்தேன். தண்ணி கேன் ரெண்டும் முக்காவாசிக்கு மேல அப்படியே இருக்கு. அடைச்சதுக்கு அப்புறம் ஒருத்தியும் குடிக்கலை.

ஜூன் 12
அந்தத் தாகம் எனக்குத் தெரியாதா? செட்டிகுளத்தில் வெங்காய மூட்டை ஏற்றி, லாரி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, சென்னை மார்க்கெட் போய்ச் சேரும்வரை நாக்கை நனைக்காமல் பதினெட்டு வருஷம் போனவள் நான். இரண்டு தடவை கல்லடைப்பு. அதனால்தானே சினிமாக்காரர்கள் கழித்துவிட்ட இந்த வண்டியை, ஊரே சிரித்தும், வாங்கினேன்?

ஆடி அமாவாசைக்கு அதே குழு மறுபடி போகிறது. அவர்கள் இதில் ஏறாவிட்டால் வண்டி காயலான் கடைக்கு.

ஜூன் 13
டிரைவர் ராசாங்கம் ஆசிட் பாட்டிலோடு வந்தான். "ஊத்துனா கரைஞ்சிரும்க்கா."

"கழிவுத் தொட்டி பிளாஸ்டிக்குப்பா. வால்வுல ரப்பரு. அதுவும் சேர்ந்துல்ல கரையும்?" பிடுங்கி வைத்தேன்.

"அப்ப யாரையாச்சும் கூட்டியாந்து அள்ளச் சொல்லலாம்."

யாரை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

என் வண்டி. நானே கையுறை மாட்டி, மேலிருந்து ஓஸ் பைப் விட்டு வேகமாகத் தண்ணீர் அடித்தேன். அசையவில்லை.

ஜூன் 15
ஏன் இப்படிக் குமிந்து கிடக்கிறது? உட்கார்ந்து யோசித்தேன். ராசாங்கத்தைக் கூப்பிட்டேன்.

"குடோன் ஷெட்டுல குழாய செப்டிக் டேங்க்ல சொருகி நம்ம ஆளுங்க பொழங்குறப்ப, அடி வால்வை மூடி வெப்பியா?"

"தொறந்தேதான்க்கா வெப்பேன். அப்பப்பப் போயிட்டா சுத்தமா இருக்கும்ல?"

அங்கேதான் கோளாறு. தண்ணீர் மட்டும் ஓடிவிடும். மற்றது தங்கிக் காய்ந்துவிடும். தொட்டி நிறைகிற வரைக்கும் மூடி வைத்து, மொத்தமாகத் திறந்தால்தான் அடித்துக்கொண்டு போகும். நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்து நிமிர்ந்தால் எதிரே கக்கூஸ் கதவு. அதில் நான் ஒட்டிய தாள்: 'ஒரு சொம்புக்கு மேல் ஊற்றாதீர்கள். — உரிமையாளர்.'

அவனா அடைச்சான்? நான்ல அடைச்சேன். தண்ணியில கூடவா கஞ்சத்தனம், முத்தாயி?

ஜூன் 16
தாளைக் கிழித்தேன். ராசாங்கத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 18
தொட்டியில் முக்காலுக்கு, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும். குலுங்க வேண்டுமே! அதற்கென்றே இருக்கிறது சுண்ணாம்புக்கல் லாரிகள் பள்ளமாக்கிய அரியலூர் ரோடு. நாலு நடை போய் வந்தோம். அந்தப் பள்ளங்களுக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"ஏரிக்கரையில தொறந்து விட்டுரவாக்கா?" என்றான் ராசாங்கம். "அந்தத் தண்ணிய யாரு குடிக்கிறது?" குடோனுக்கே வந்து, எங்கள் செப்டிக் டேங்கில் குழாயைச் சொருகித் திறந்தேன். தடதடவென்று இறங்கியது. மூன்றாம் முறை நிரப்பித் திறந்தபோது தெளிந்த தண்ணீர்!

ஜூன் 20
கைகழுவும் தொட்டி ஓட்டையில் சோறு, கறிவேப்பிலை, எண்ணெய்ப் பிசுக்கு. வடிகட்டி வலை வைத்தாயிற்று. இனித் தட்டைப் பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

ஜூலை 2
விக்கிரமங்கலம் போனேன். வெற்றிச்செல்வி உட்காரச் சொல்லவில்லை.

"மறுபடி முள்ளுக்கு அனுப்பவா வந்தீங்க?"

"தப்பு என்னுதுதான் வெற்றி. இந்தத் தடவ நானும் வரேன். அடைச்சா நானும் முள்ளுக்கு வரேன்."

"அப்ப நீங்கதான் மொதல்ல எறங்கணும். பாம்பு இருக்கான்னு பாத்துச் சொல்லணும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

ஜூலை 25
ராமேஸ்வரம் போய்த் திரும்பினோம். கதவில் புதுத் தாள்: 'இரண்டு சொம்பாவது ஊற்றுங்கள்.'

போகும்போது திருமயத்திலேயே ராசாங்கம் வண்டியை ஓரங்கட்டினான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"என்னாப்பா, அடைச்சிருச்சா?"

"இல்லக்கா. தண்ணி கேன் ரெண்டும் காலியாம். வாங்கணும்."

புதுக் கேனை ஏற்றியதும் வெற்றிச்செல்வி ஒரு டம்ளர் பிடித்து என்னிடம் நீட்டினாள். குடித்தேன். இன்னொன்று கேட்டேன்.