சாட்சிக்கு வராத பிள்ளை

சேக்காடு, ஆவடி
12.1.2025

அன்பு மகள் ஜெபாவுக்கு, மாதா உன்னைக் காப்பாளாக.

போனில் பேசினால் குரல் ஏறிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். உன் அம்மா திருமழிசையில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பெந்தகோஸ்து சபையில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் தினமும் சண்டைதான். மாதா சுரூபத்தை பீரோவுக்குள் வைத்து மூடினாள். “இந்த ஊட்ல மாதா இருக்கணும், இல்லாங்காட்டி நீ இருக்கணும்” என்றேன். “அப்ப நானே போறேன்” என்று பையை எடுத்துக்கொண்டாள். நீயே சொல், யார் மேல் தப்பு?

இங்கிலாந்தில் நீ நர்ஸாக இருக்கும் யார்க் ஊரில்தான் புனித மார்கரெட் கிளித்தரோ விசுவாசத்துக்காக உயிர் கொடுத்து வேதசாட்சியாக மரித்தாளாம். பங்குச்சாமியார் சொன்னார். அங்கே போய், அம்மா மனம் மாறி நம் கோயிலுக்கே திரும்பும்படி வேண்டிக்கொள்.

அலுத்துப்போன அப்பா,
அமல்ராஜ்

யார்க்
2.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

டியூட்டி முடித்துத் தூங்காமல் நேரே போனேன். அந்தக் காலத்தில் கசாப்புக் கடைகள் இருந்த சந்து. இப்போது முழுக்க சுற்றுலாக் கூட்டம். நடுவே அவள் பெயரில் ஒரு சின்னக் கோயில். உட்கார்ந்ததும் கண் சொருகியது. மெழுகுவத்தி அடுக்கிக்கொண்டிருந்த பெண்தான் கதை சொன்னாள்.

நானூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்து ராணி நம் கத்தோலிக்கப் பூசையைத் தடை செய்திருந்தாளாம்; நம் குருக்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காக மார்கரெட்டைப் பிடித்தார்கள். அவள் விசாரணைக்கே சம்மதிக்கவில்லை. சம்மதித்தால், பெற்ற பிள்ளைகளையே கூப்பிட்டுத் தாய்க்கு எதிராகச் சாட்சி சொல்ல வைப்பார்களே! அதற்காக அவள் மேல் ஒரு கதவைப் போட்டு, பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். அவள் புருஷன் ராணியின் புராட்டஸ்டண்ட் சபைக்காரன், தெரியுமா அப்பா? அவனே, “என் சொத்தெல்லாம் எடுத்துக்கோங்க, அவள விட்டுடுங்க” என்று அழுதானாம்.

நீங்கள் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்னைச் சாட்சிக்கு இழுக்கிறீர்கள். எனக்குத் தெம்பில்லை. நீங்கள் சொன்னதை நான் வேண்டிக்கொள்ளவில்லை. இனி இதைப் பற்றி எழுதினால் பதில் போடமாட்டேன்.

ஜெபா

சேக்காடு
10.3.2025

என் மகளே,

கோபத்தில் ஒரு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு திருமழிசைக்குப் போனேன். உன் அம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள்.

“இன்னாத்துக்கு வந்தே?”

“ஊட்டுக்கு வா. ஞாயித்துக்கெழம நானே உன்ன சபைல கொண்டாந்து உடறேன்.”

“சாமியார் இன்னா சொல்வாரு?”

“அவரா எனக்குச் சோறு போடறாரு?”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் வந்துவிட்டாள்.

நேற்று சபை வாசலில் இறக்கிவிட்டு, எதிர்ச் சாரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே கைதட்டும் பாட்டும். இத்தனை மாத அசதி, அப்படியே தூங்கிவிட்டேன். அவள்தான் தட்டி எழுப்பினாள்.

“பூசைக்குப் போவலியா?”

“சாயங்காலப் பூசை கீது.”

தானும் வருவதாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வண்டியில் ஏறியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை.

நீ நன்றாகத் தூங்கு, தாயி.

அப்பா