கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நெய் ரோஸ்ட்

என் அன்புக் கதிரேசா,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வரி மேலே ஏறும், கீழே சறுக்கும். சில இடத்தில் எழுத்துகள் ஒன்றன் மடியில் ஒன்று உட்கார்ந்திருக்கும். பொறுத்துக்கொள். எழுதுவது நான்தான். லேக் மார்க்கெட் மெஸ்ஸில் நீ மேசை பார்க்க, உள்ளே தோசைக்கல் முன்னால் நின்ற அதே சுடலைமுத்து. பஸ்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று உன்னைக் கேட்டே ஏறியவன், இந்த வயதில் பேனா பிடித்திருக்கிறேன். நம்ப முடிகிறதா?

சொல்லிக்கொடுத்தது உன் மகள் பூர்ணிமா. எங்கே வைத்து என்று சொன்னால் நீ பதறுவாய். ஆஸ்பத்திரியில். அவளுக்கு ரத்தப் புற்று வந்தது, மருந்துக்கு அடங்கியது, மறுபடி வந்தது. உன்னைக் கொண்டுபோனது நிணநீர்க் கட்டிகளில் வந்த புற்று. "அப்பாகிட்டேருந்து வந்ததா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். ஆகவே நீ அங்கே உட்கார்ந்து உன்னை நொந்துகொள்ளாதே.

மருந்து ஏறும் நீண்ட பகல்களில் அவளுக்குப் பொழுது போகவில்லை. "பெரியப்பா, நான் உங்களுக்கு எழுதக் கத்துத் தரேன். உங்களுக்கு வேற என்ன காஜ்?" என்றாள். இந்த வங்காள ஊரில் வளர்ந்தவள். வேலை என்பதற்கு இன்னமும் அவளுக்கு வங்காளிதான் முந்திக்கொண்டு வருகிறது. வளைகிற எழுத்தெல்லாம் எனக்குச் சுலபமாக வந்தது. மாவு ஊற்றிச் சுழற்றிய கை அல்லவா? நேராக நிற்க வேண்டியவைதான் அடங்கவில்லை. "உங்க ட குடிச்சிட்டு நிக்குது பெரியப்பா. ஆர் ஏக்பார், இன்னொரு தடவ!" என்று விரட்டினாள். உன் மகள்தான், சந்தேகமே இல்லை.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடைசி வருஷத்தில் சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்பாயே: "அண்ணாச்சி, கொசுவும் கடிக்கல, மழையிலயும் நனையல. பொறவு ஏன் சாயங்காலமானா இப்படிக் கொதிக்கி? அடுப்பு முன்னால நிக்கிறது நீரு, வேர்க்கிறது எனக்கா?" எந்தக் கிருமி என்று எல்லோரும் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அந்தக் கேள்வியை நீ கையோடு கொண்டுபோய்விட்டாய்.

பதில் கிடைத்துவிட்டது, கதிரேசா. டாக்டரம்மா வங்காளியில் சொல்ல, பூர்ணிமா எனக்குத் தமிழில் சொன்னாள். உடம்பில் உள்ள செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்ளுமாம். அந்தச் சேதியைச் சுமக்கும் பொருள்களுக்கு சைட்டோகைன் என்று பெயர். இந்த ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் என் காபி ஆறிவிட்டது. பெருகு என்று ஒரு சேதி, சூடாகு என்று ஒரு சேதி, போதும் நிறுத்து என்று ஒரு சேதி.

எனக்கு உடனே நம் மெஸ்தான் கண் முன்னால் வந்தது. நீ வாசல் பக்கம் நின்று, "ஆறாம் மேசைக்கு ஒரு நெய் ரோஸ்ட், முறுகலா!" என்று குரல் கொடுப்பாய். நான் உள்ளேயிருந்து "போட்டாச்சு!" என்பேன். அந்த மறுகுரல் வந்தால்தான் நீ அடுத்த மேசைக்குப் போவாய். நோய்பட்ட செல்லுக்கு அந்த மரியாதை கிடையாது. போட்டாச்சு என்றாலும் காதில் வாங்காது. தானே ஆர்டர் கூப்பிட்டு, தானே தின்று, பெருகிக்கொண்டே இருக்கும். நோயை எதிர்க்கிற காவல் செல்களிடம் 'கடை சாத்தியாச்சு, வீட்டுக்குப் போங்க' என்றுகூடச் சொல்லி அனுப்பிவிடுமாம். என்ன துணிச்சல் பார்! உன் காய்ச்சல் அப்படி வந்ததுதான். வெளியிலிருந்து எந்தக் கிருமியும் வரவில்லை. உள்ளே யாருக்கும் வேண்டாத ஆர்டருக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

பூர்ணிமாவுக்குப் புதிய வைத்தியம். அவளுடைய காவல் செல்களையே வெளியே எடுத்து, எதிரி யார் என்று அடையாளம் பழக்கி, திரும்ப உள்ளே விட்டார்கள். அவை வேலையைத் தொடங்கினால் எல்லாம் சேர்ந்து கத்தும், காய்ச்சல் வரும் என்று முன்பே சொன்னார்கள். கத்தல் எல்லை மீறினால் மூளை குழம்பும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் நோயாளி ஒரே வரியை எழுத வேண்டும். கை தடுமாறினால் உடனே மருந்து.

எந்த வரி என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவள் எதை எழுதினாள் தெரியுமா? 'ஆறாம் மேசைக்கு ஒரு நெய் ரோஸ்ட், முறுகலா.' சிஸ்டர் அர்த்தம் கேட்டுவிட்டு, "எய், கிதே பெயே கேலோ!" என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள். அவளுக்குப் பசி வந்துவிட்டதாம். பார்த்து முடித்த தாள் எனக்கு வரும். அது என் பாடம். அவளைத் தனியறையில் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வாய்விட்டுப் படிப்பேன். அவள் அந்தப் பக்கம் தலையாட்டுவாள். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. கொதித்தது. ஒரு காலையில் சிஸ்டர் தாளோடு வேகமாக வெளியே வந்தாள். "தாது, அதே வரிதானா? பாருங்க." தாது என்றால் அவர்கள் பாஷையில் தாத்தா. தமிழ் அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் பார்த்தேன். ஒரு எழுத்தும் எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் ஊற்றிய எறும்பு வரிசை மாதிரி இருந்தது.

நான் என்ன நினைத்தேன் என்று சொல்லட்டுமா? படித்ததெல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். கிழட்டு மூளை, வந்த வழியே போய்விட்டது. எனக்குத் தெரிந்த வங்காளியில், "எனக்கு வரல சிஸ்டர். நேத்து வரைக்கும் வந்துச்சு" என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் பையிலிருந்து முந்தின நாள் தாளை உருவி விரித்தாள். அதைக் கடகடவென்று படித்துவிட்டேன். "உங்களுக்கு ஒண்ணும் ஆகல தாது" என்றாள் மெதுவாக. அதற்குள் அவள் கால் டாக்டர் அறைப் பக்கம் திரும்பிவிட்டது. தடுமாறியது என் படிப்பு இல்லை, அவள் கை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மருந்து கொடுத்தார்கள். ஒன்று, செல்களின் காதை அடைக்கிற மருந்தாம். கத்துகிறவன் கத்தட்டும், கேட்பவனுக்குக் கேட்காது. இன்னொன்று மூளையின் கொந்தளிப்பைத் தணிக்க. கண்ணாடி வழியே பார்த்தேன். அவள் கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை.

வெளியே மத்தியான மழை. பெஞ்சில் கண் அசந்தேன். அவள் உடம்புக்குள் நம் மெஸ் விரிந்து கிடந்தது. மேசை மேசையாகப் போய்க்கொண்டே இருக்கிறது, முடிவே இல்லை. எங்கு பார்த்தாலும் கூப்பாடு. நடுவில் நீ, தோளில் துண்டோடு, ஒவ்வொரு மேசையாகப் போய் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு வந்தாய். நீ கடந்த மேசையெல்லாம் அடங்கியது. நீ என்னைத் தேடி வந்தாயா, அவளைத் தேடி வந்தாயா? அவளை உன்னோடு கூட்டிப் போக வந்தாயோ என்றுதான் பயந்தேன். நல்லவேளை, நீ அடுக்களை வாசல் வரை வந்துவிட்டுத் தனியாகத் திரும்பிவிட்டாய்.

அடுத்தடுத்த காலைகளில் தாள் வந்தது. முதலில் வெறும் கோடுகள். அப்புறம் 'நெய்' என்று ஒரு சொல், கோணலாக. பிறகு ஒரு காலை முழு வரியும் வந்தது, கதிரேசா! அதிலிருந்த ட என் ட மாதிரியே குடித்துவிட்டு நின்றது. நான் படித்த சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

நான் சும்மா இருப்பேனா? சிஸ்டரிடம் பேனா வாங்கி, அந்தத் தாளின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். 'போட்டாச்சு!' அவள் வாசித்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண் சுருங்கியது. அது உன் சிரிப்பு.

இன்னும் முடியவில்லை. எலும்பு மஜ்ஜையைச் சோதித்தால்தான் நோய் போனதா என்று தெரியும். முடிவு அடுத்த வாரம். அது எப்படி வந்தாலும் வேறு யார் வாயாலும் உனக்கு வராது. அன்றைக்கே என் கையால் எழுதுவேன். நீ வாசல் பக்கமே நில். என் மறுகுரல் வராமல் அடுத்த மேசைக்குப் போய்விடாதே.

உனக்கு அண்ணாச்சி, உன் மகளுக்குப் பெரியப்பா,
சுடலைமுத்து