பேர் சொல்லாத முதல் மூட்டை

25 ஜனவரி 1979, வியாழன்

கடும் பனி. எட்டு மணிக்கு மேல்தான் களத்தில் நெல் தூற்ற முடிந்தது. ஏரிக்குக் கீழே அரைக் காணி. ஓய்வு பெற்றபின் முதல் அறுவடை. நெல்மணி நன்றாக இருக்கிறது.

முதல் மூட்டை ஆண்டவருக்கு. ஆடி மாதம் என் மனைவி எஸ்தர் செங்கற்பட்டு ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது, அவள் பிழைத்தால் கொடுப்பதாக நான் நேர்ந்துகொண்ட பொருத்தனை. அவளிடம்கூடச் சொன்னதில்லை. இன்று ஞானமுத்துவிடம் மட்டும். நாற்பது வருடச் சிநேகிதன், வண்டியும் அவனுடையது. களத்திலிருந்தே ஏற்றி அனுப்பினேன். ஞாயிறன்று கோவிலில் அறுப்பின் பண்டிகை. பீடத்தண்டை வைத்துவிடு, யார் கேட்டாலும் என் பேர் சொல்லாதே என்றேன்.

"இன்னா வாத்தியாரே, குடுக்கறவனே ஒளிஞ்சிக்கினா எப்படி?" என்று சிரித்தான்.

ஞாயிறு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் உதாரணத்தையே சொன்னேன். தண்ணீரை வேருக்கு விடுகிறோம், பூவுக்கு அல்ல. தலையாட்டினான்.

வாங்க: எஸ்தர் மாத்திரை (வெள்ளை), மண்ணெண்ணெய், சணல். சணல் தீர்ந்து, மூட்டை வாயைப் பச்சை நூலால் தைத்தேன்.

28, ஞாயிறு

கோவில் நிறைய பூசணி, கரும்பு. யாரோ கட்டிவைத்த சேவல் பிரசங்கம் முழுவதும் கூவியது.

வழக்கப்படி ஒவ்வொரு குடும்பமும் முன்னே போய்ப் படைக்க, போதகர் பேர் சொல்லி ஜெபம். ஞானமுத்து குடும்பம் போயிற்று. மனைவி, இரண்டு மருமகள்கள், புதுப் புடவை. மகன்கள் மூட்டையைத் தூக்கி வந்தார்கள்.

பச்சை நூல்.

"தங்கள் முதற்பலனைக் கொண்டுவந்த இந்தக் குடும்பத்தை..." போதகர் அவன் தலையில் கை வைத்தார். அவன் கண்ணை மூடியிருந்தான். நான் மூடவில்லை.

வீடு வந்து சேர்ந்ததும் எஸ்தர்:

"ஏங்க, நான் பொழச்சதுக்கு ஒரு படி நெல்லாவது வைக்கணும்னு தோணலையா உங்களுக்கு? ஞானமுத்து அண்ணன் வூட்ல மூட்டையே தூக்கிக்கினு வந்தாங்க."

வேட்டி மாற்றப் போய்விட்டேன்.

29, திங்கள்

ஞானமுத்து வீட்டுக்குப் போனேன். வண்டிச் சக்கரத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"பேரு சொல்லாதேன்னு நீதானே சொன்ன?"

"உன் பேரைச் சொல்லச் சொன்னேனா?"

"என் வயல்ல பூச்சி. ஒரு மரக்கா நெல்லு தேறல, உனக்குத் தெரியாதா? ஊரே தூக்கிக்கினு வர்றப்போ நான் கைய வீசிக்கினு நிக்கணுமா? உனக்குத்தான் பேரு வாணாமே. ஆண்டவருக்குத் தெரியாதா அது யார்துன்னு?"

கடைசி வாக்கியம் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது. அதை எனக்கே திருப்பிச் சொன்னான்.

கேட்டிருந்தால் அவனுக்கே ஒரு மூட்டை கொடுத்திருப்பேன்.

பேர் எழுதாத விடைத்தாளை எவனும் எடுத்துக்கொள்வான் என்று முப்பது வருடம் பையன்களைத் திட்டியவன் நான்.

31, புதன்

மேகமூட்டம். மாத்திரை கிடைத்தது. மண்ணெண்ணெய் இல்லை.

எஸ்தரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கினாள்.

"அவருகிட்ட சொன்னீங்க. எங்கிட்ட சொல்லல."

"காணிக்கை ரகசியமா இருக்கணும்னு..."

"யார் உசுருக்கு நேர்ந்துக்கினீங்க? என் உசுருக்கு. அத எனக்கே மறைச்சி, வண்டில போட்டு அனுப்பிட்டீங்க. நான் ஒரு கை வெச்சிருக்க மாட்டேனா?"

உதாரணம் எதுவும் வரவில்லை. அவன் செய்ததற்கு நான் மூன்று நாளாகத் தூங்கவில்லை. இவள் ஞாயிறு மதியத்திலிருந்து என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

4 பிப்ரவரி, ஞாயிறு

நல்ல வெயில். எஸ்தர் எனக்கு முன்பே கோவிலுக்குப் போய்விட்டாள். ஞானமுத்து எப்போதும்போல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நகர்ந்து இடம் விட்டேன். பழக்கம்.

காணிக்கைப் பாட்டு முடிந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தர் எழுந்தாள். கையில் துணியில் கட்டிய ஒரு படி நெல். கால் இன்னும் தள்ளாடுகிறது. யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை.

போதகர் வாங்கிக்கொண்டு, குடும்பமாக ஜெபிக்க என்னையும் வரச்சொல்லிக் கையசைத்தார். எழுந்தேன்.

"அவரோடது போன வாரமே வந்துடுச்சி ஐயா," என்றாள், கோவில் முழுக்கக் கேட்க. "இது நான் குடுக்கறது. எனக்கு மட்டும் ஜெபம் பண்ணுங்க."

பக்கத்தில் ஞானமுத்து அசையவில்லை. நான் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.